கேட்டையைக் குறிவைக்க ஓர் இலவச மென்பொருள்: ஆஸ்ப்ரோ 2

பினாங்கில் வானம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் யார் கேட்டாலும் இப்போதெல்லாம் நான் முதலில் சொல்வது ஆஸ்ப்ரோ 2. காசு வேண்டாம், மொட்டைமாடி வேண்டாம், மேகம் விலகட்டும் என்று காத்துக் கிடக்கவும் வேண்டாம். ஒரு மடிக்கணினி போதும். தள்ளித் தள்ளி நிற்கும் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்த்து அளக்கும் கருவிக்குக் குறுக்கீட்டுமானி என்று பெயர். சிலி நாட்டிலும் கலிபோர்னியாவிலும் உள்ள பெரிய குறுக்கீட்டுமானிகளைக் கொண்டு ஒரு விண்மீனை எந்த இரவில், எந்தெந்தத் தொலைநோக்கிகளைச் சேர்த்து, எத்தனை மணி நேரம் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள் இது. தொழில்முறை வானியலாளர்கள் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதும்போது பயன்படுத்துவதும் இதைத்தான். மாணவர்களுக்கென்று சுருக்கிய பதிப்பு கிடையாது. அவர்களிடம் இருப்பதேதான் நமக்கும்.

நான் பாயான் லெப்பாஸில், சிப்புக்கான சிலிக்கான் தட்டுகளைக் கையாளும் ஒரு வேஃபர் தொழிற்சாலையின் அளவீட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் அறையிலும் ஒரு குறுக்கீட்டுமானி உண்டு. வெள்ளை ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு கதிரை வேஃபர்மீதும் இன்னொன்றை ஒரு கண்ணாடிமீதும் அனுப்பும். திரும்பி வரும் இரண்டும் சேரும் இடத்தில் வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள் தோன்றும். அந்தப் பட்டைகள் வளைவதை வைத்து மேற்பரப்பின் மேடுபள்ளத்தை நானோமீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம். வேலை நேரமெல்லாம் அந்தப் பட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, இதே பட்டைகளை வைத்துத் திருவாதிரையின் அகலத்தை அளந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது சும்மா இருக்க முடியவில்லை. தேடிக்கொண்டே போனதில் வந்து சேர்ந்த இடம்தான் ஆஸ்ப்ரோ.

அந்தத் திருவாதிரைக் கதை 1920 டிசம்பரில் நடந்தது. மவுண்ட் வில்சனில் இருந்த நூறு அங்குல ஹூக்கர் தொலைநோக்கியின் முனையில் 20 அடி நீள இரும்புச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதில் நகரக்கூடிய கண்ணாடிகளை வைத்தார்கள். இயற்பியலாளர் மைக்கல்சனின் யோசனை அது. அங்கிருந்த வானியலாளர்கள் பீஸும் ஆண்டர்சனும் பார்த்தார்கள். கண்ணாடிகளை விலக்கிக்கொண்டே போனபோது ஏறக்குறைய 10 அடியில் பட்டைகள் மறைந்தன. எந்த இடைவெளியில் மறைகிறதோ அதிலிருந்து விண்மீனின் கோண அகலம் வந்துவிடும். கிடைத்த விடை 0.047 ஆர்க் விநாடி (ஒரு பாகையை 3,600-ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் விநாடி). சூரியனைத் தவிர வேறொரு விண்மீனின் அகலத்தை மனிதர் அளந்தது அதுவே முதல் முறை.

திருவாதிரை, கேட்டை, சித்திரை மூன்றும் நம் வீடுகளில் ஜாதகக் கட்டத்தில் புழங்கும் பெயர்கள். மூன்றும் வானியலில் பெருநிறை விண்மீன் என்ற வகையில் அடங்குபவை. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையோடு பிறந்து, கடைசியில் சூப்பர்நோவாவாக வெடிக்கக்கூடியவற்றை அப்படிச் சொல்வார்கள். நம் உடம்பில் இருக்கும் ஆக்சிஜனில் பெரும்பங்கு இத்தகைய விண்மீன்களுக்குள்தான் உருவானது. எண்ணிக்கையில் குறைவு, ஆயுளும் குறைவு, ஆனால் ஒரு பால்வெளியின் போக்கையே மாற்றும் வலு இவற்றுக்கு உண்டு. இவற்றின் நிறையைத் திட்டமாக அளக்காமல் மற்ற எந்தக் கணக்கும் நேராகாது. ஆஸ்ப்ரோவில் எனக்கு மிகவும் பிடித்ததே இந்த இடம்தான். பெருநிறை விண்மீன்களை அளப்பது ஏன் இவ்வளவு கஷ்டம், அந்தக் கஷ்டத்தை எந்த வழியாகச் சுற்றிக் கடந்தார்கள் என்பதைத் திரையில் நாமே செய்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். பிரான்ஸின் கிரெனோபிளை மையமாகக் கொண்ட ஜான்-மரி மரியோத்தி மையம் இதை வெளியிடுகிறது. மரியோத்தி ஐரோப்பியக் குறுக்கீட்டுமானித் திட்டத்தின் முன்னோடிகளில் ஒருவர், 1998-இல் காலமானார். ஜாவாவில் எழுதியது என்பதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. திறந்தவுடன் மேலே ஒரு தேடுபெட்டி இருக்கும். விண்மீனின் பெயரைத் தட்டினால் ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள சிம்பாத் தரவுத்தளத்திலிருந்து அதன் இடம், ஒளி அளவு எல்லாம் தானாக வந்து நிரம்பும். கேட்டை என்று அடித்தால் அதற்குத் தெரியாது. அன்டாரெஸ் என்று ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். பக்கத்திலேயே எந்தக் குறுக்கீட்டுமானி, எந்தக் கருவி, எந்தத் தொலைநோக்கி வரிசை, எந்தத் தேதி என்று தேர்ந்தெடுக்கும் பெட்டிகள். கீழே வரைபடம், எப்போது பார்க்கலாம் என்ற பக்கம், யூவி பரப்பு என்று தாள்கள் வரிசையாக நிற்கும்.

என் அண்ணன் மகள் படிவம் நான்கில் அறிவியல் பிரிவில் படிக்கிறாள். பிறந்தது கேட்டை நட்சத்திரம். மாமியார் வீட்டுக்கு ஆகாது என்று யாரோ சொல்லக் கேட்டு முகம் சுருங்கிப் போயிருந்தவள். அவளை உட்காரவைத்து முதலில் கேட்டையைத்தான் தேடச் சொன்னேன். சிலியின் பாரனால் மலையில், கடல் மட்டத்திலிருந்து 2,635 மீட்டர் உயரத்தில் இருக்கும் விஎல்டிஐ என்ற குறுக்கீட்டுமானியைத் தேர்ந்தெடுத்தாள். தேதியை டிசம்பர் தொடக்கத்தில் வைத்தாள். ஒரு கோடும் வரவில்லை. ஜூலைக்கு மாற்றினாள். நீளமான வண்ணக்கோடு ஒன்று இரவின் குறுக்கே விரிந்தது. டிசம்பரில் சூரியன் அந்தப் பக்கமே இருக்கிறது, அதனால் இரவில் கேட்டை இல்லை என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

அப்புறம் தொலைநோக்கி வரிசையைப் பெரியதாக மாற்றினாள். கோடு குறுகியது.

"அத்தை, நட்சத்திரம் இன்னும் வானத்துலதான இருக்கு? அப்புறம் ஏன் கோடு பாதியிலயே நின்னுடுச்சு?"

நல்ல கேள்வி. விவரமாகக் காட்டும்படி ஒரு குறியைத் தட்டினால் ஒவ்வொரு தொலைநோக்கி ஜோடிக்கும் தனித்தனிக் கோடாக விரித்துக் காட்டும். எந்த ஜோடி எந்த நேரத்தில் தடைப்படுகிறது என்று அதில் தெரியும். விண்மீன் சாய்வாக இருக்கும்போது அதன் ஒளி ஒரு தொலைநோக்கிக்கு முந்தியும் இன்னொன்றுக்குப் பிந்தியும் வந்து சேரும். இரண்டும் ஒரே கணத்தில் சந்தித்தால்தான் பட்டை தோன்றும். ஆகவே முந்தி வந்ததைக் காக்க வைக்க வேண்டும். அதற்காக மலைக்கு அடியில் ஒரு சுரங்கத்தில் தண்டவாளம் போட்டு, கண்ணாடி ஏற்றிய வண்டிகளை இரவெல்லாம் மைக்ரோமீட்டர் சுத்தமாக நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு ஒரு முடிவு உண்டு அல்லவா? தொலைநோக்கிகள் தள்ளித் தள்ளி இருக்க இருக்க, வண்டி முடிவைத் தொட்டுவிடும். அங்கேதான் அவளுடைய கோடும் நின்றது. இதைப் பாடமாகச் சொல்லியிருந்தால் கேட்டுவிட்டு மறந்திருப்பாள். கோடு கண்முன்னே அறுந்ததால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு வைத்துக்கொண்டாள். 2017-இல் இதே விஎல்டிஐயைக் கொண்டு கேட்டையின் முகத்தைப் படமாக்கி, அதன் மேலே வாயு எந்தெந்த வேகத்தில் ஏறி இறங்குகிறது என்பதையும் வரைந்து காட்டினார்கள் என்று சொன்னேன். அவளுக்கு அவளுடைய நட்சத்திரத்தின்மேல் இப்போது பெருமைதான்.

இனி யூவி பரப்பு என்ற தாள். புற ஊதா ஒளி அல்ல, யூ, வி என்பவை இரண்டு அச்சுகளின் பெயர்கள். முதல் முறை பார்க்கும்போது ஒன்றும் பிடிபடாது. வளைகோடுகள் சில இங்குமங்குமாகக் கிடக்கும். ஆனால் இந்த மென்பொருளின் உயிரே அதில்தான் இருக்கிறது. நான்கு தொலைநோக்கி என்றால் ஆறு ஜோடி. கலிபோர்னியாவில் உள்ள சாரா என்ற குறுக்கீட்டுமானியில் ஆறு தொலைநோக்கி, அதனால் பதினைந்து ஜோடி. விண்மீனிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே ஒரு தூரமும் ஒரு திசையும் தெரியும் அல்லவா, அதைத்தான் ஒரு புள்ளியாக வைக்கிறார்கள். பூமி சுழலச் சுழல அந்தப் புள்ளி நகர்ந்து வளைகோடாகிறது. கோடு படாத இடத்தைப் பற்றி நமக்கு ஒரு தகவலும் கிடையாது. அந்த வெற்றிடங்களைப் பார்த்தால், குறுக்கீட்டுமானி தரும் படங்களை ஏன் நிதானமாக நம்ப வேண்டும் என்பது விளங்கும். விண்மீனை வட்டத் தட்டாகவோ, நீள்வட்டமாகவோ, இரண்டு புள்ளியாகவோ நாம் வரையறுத்தால், அதன் பட்டைகள் எங்கே அழுத்தமாக, எங்கே மங்கலாக இருக்கும் என்பதை அந்தக் கோடுகளுக்குப் பின்னால் நிறமாகப் பூசியும் காட்டுகிறது.

கேட்டை போன்ற சிவப்புப் பெருவிண்மீனுக்கு இந்தப் பூச்சில் பெரிய சிக்கல் இல்லை. அதன் அகலம் சுமார் 37 மில்லி ஆர்க் விநாடி. 1.65 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு அலைநீளத்தில், தொலைநோக்கிகள் 11 மீட்டர் தள்ளி இருந்தாலே பட்டைகள் மறைந்துவிடும். விஎல்டிஐயின் மிகச் சிறிய வரிசையில் நெருங்கி நிற்கும் தொலைநோக்கிகளின் இடைவெளியே கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

இப்போது நீலமாகக் கொதிக்கும் பெருநிறை விண்மீன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஜீட்டா பப்பிஸ் நல்ல தேர்வு. மேகமில்லாத மாசி மாத இரவில் பினாங்கின் தென்வானத்தில் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும் விண்மீன் அது. அதன் அகலம் 0.42 மில்லி ஆர்க் விநாடி மட்டுமே. நம் 20 சென் காசைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்தால் எவ்வளவோ, அவ்வளவு. இந்த எண்ணை ஆஸ்ப்ரோவில் வட்டத் தட்டாகக் கொடுத்து, விஎல்டிஐயின் 8.2 மீட்டர்த் தொலைநோக்கிகள் நான்கையும் சேர்த்துப் பார்த்தேன். அவற்றுக்கிடையே அதிகபட்சத் தூரம் 130 மீட்டர். பின்னணி நிறம் ஓரம் வரைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. கணக்குப்படி, அந்த 130 மீட்டரிலும் விசிபிலிட்டியின், அதாவது பட்டைகளின் அழுத்தத்தைக் குறிக்கும் எண்ணின், வர்க்கம் 1-லிருந்து 0.94-க்குத்தான் இறங்குகிறது. அதே 1.65 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பட்டைகள் முழுக்க மறைய வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இடைவெளி தேவை. இவ்வளவு பெரிய கண்ணாடிகளுக்குக்கூட அது வெறும் புள்ளிதான்.

சரி, சாராவில் 331 மீட்டர் இருக்கிறதே, அதுவும் கட்புலனாகும் ஒளியிலேயே பார்க்குமே என்று அங்கே மாற்றினேன். குறைந்தபட்ச உயரம் 30 பாகை என்று வைத்திருந்ததால் கோடே வரவில்லை. சாரா இருக்கும் மவுண்ட் வில்சனிலிருந்து ஜீட்டா பப்பிஸ் தொடுவானுக்கு மேலே 16 பாகைக்குமேல் ஏறுவதில்லை. வடக்கே நீளமான இடைவெளி இருக்கிறது, விண்மீன் தெற்கே இருக்கிறது. இதே விண்மீன் இங்கே நமக்கு 44 பாகை உயரத்தில் நிற்கும். இவ்வளவு வசதியான அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு மேகத்தையும் புகைமூட்டத்தையும் மட்டும் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அப்போது மனம் ஆறவில்லை.

அப்படியானால் 0.42 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலியாவின் நராப்ரியிலிருந்து. ஹான்பரி பிரவுனும் டுவிஸும் கண்ட முறைப்படி, 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் இரண்டு பெரிய ஒளிவாங்கிகளை ஓடவிட்டு, நீல ஒளியின் ஏற்ற இறக்கங்களை ஒப்பிட்டு அளந்தார்கள். மொத்தம் 32 விண்மீன்கள். அலைகளை நேரடியாகச் சேர்க்காத முறை அது. அலைநீளம் குறையக் குறையத் தேவைப்படும் இடைவெளியும் குறைகிறது. நீலத்தில் ஜீட்டா பப்பிஸுக்கு 265 மீட்டர் போதும். 188 மீட்டரில் இரண்டு ஒளிவாங்கிகளின் ஏற்ற இறக்கங்களுக்கிடையே உள்ள ஒற்றுமை முழுக்க மறையாவிட்டாலும் அது எவ்வளவு சரிகிறது என்பதை வைத்து அகலத்தைச் சொல்லிவிடலாம். ஆஸ்ப்ரோவில் அகச்சிவப்பை வைத்துத் திணறிய பிறகுதான் அந்தப் பழைய ஆட்களின் கெட்டிக்காரத்தனம் எனக்கு முழுதாக உறைத்தது.

தட்டே தெரியாத விண்மீனைக் குறுக்கீட்டுமானியால் என்ன செய்வது? துணையைத் தேடலாம். பெருநிறை விண்மீன்கள் தனியாக வாழ்வது அபூர்வம். ஹியூக் சனாவும் குழுவினரும் விஎல்டிஐயின் பயோனியர் கருவியால், மிகச் சூடான நீல விண்மீன்களான ஓ வகை விண்மீன்கள் 96-ஐ ஆராய்ந்து, பாரனாலில் வேறொரு கருவியால் எடுத்த படங்களையும் சேர்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்கெனவே நிறமாலையால் தெரிந்திருந்த ஜோடிகளையும் கணக்கில் எடுத்தால், சுமார் 91 விழுக்காட்டுக்குக் குறைந்தது ஒரு துணையாவது இருக்கிறது. அவற்றில் பல ஜோடிகள் சாதாரணத் தொலைநோக்கியால் பிரிக்க முடியாத அளவு நெருக்கமானவை. அந்த இடைவெளியில்தான் குறுக்கீட்டுமானி கண் திறக்கிறது. துணை இருந்தால் சுற்றுப்பாதை உண்டு. பாதையை வானத்தில் வரைந்து, நிறமாலையில் கிடைக்கும் வேகத்தையும் சேர்த்தால் நிறையும் தூரமும் ஊகமின்றிக் கைக்கு வரும்.

இதைச் செய்து பார்க்கக் காமா வெலோரம் ஜோடியைவிட அருமையான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஒன்று ஓ வகை விண்மீன், மற்றது தன் வெளித்தோலைக் காற்றாக உதறித் தள்ளிவிட்ட உல்ஃப்-ராயே வகை. 78.5 நாளுக்கு ஒரு சுற்று. சிட்னி பல்கலைக்கழகக் குறுக்கீட்டுமானியால் இந்தப் பாதையை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். ஓ விண்மீனின் நிறை சூரியனைப்போல் 28.5 மடங்கு, உல்ஃப்-ராயேயுடையது 9 மடங்கு. பாதையின் அரை அகலம் 3.57 மில்லி ஆர்க் விநாடி. நான் அதைத் தோராயமாக இரண்டு புள்ளிகளாகக் கொடுத்தேன். யூவி தாளில் பின்னணி முழுக்க இணையான வரிகள் ஓடின. துணையின் திசையைக் கொஞ்சம் திருப்பினால் வரிகளும் திரும்புகின்றன. இடைவெளியைக் கூட்டினால் வரிகள் நெருங்குகின்றன. அண்ணன் மகள் எண்ணை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தாள். யங் இரட்டைப் பிளவுச் சோதனையை அலைகள் பாடத்தில் படித்தவள்.

"இது எங்க டீச்சர் காட்டுன அதே வரிதான? பிளவுக்குப் பதிலா இங்க ரெண்டு நட்சத்திரம்!"

அவ்வளவு சரியாக நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒருவருக்கும் பழுது சொல்லாமல் சில விஷயங்களைத் தெளிவாக வைத்துவிடுகிறேன். இரவு வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லாரியம் மென்பொருள் போல அழகான வானத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள். திரையில் வருவது கோடுகளும் எண்களும்தான். இது விண்மீனைக் காட்டாது, விண்மீன் இப்படி இருந்தால் கருவியில் என்ன பதிவாகும் என்பதைக் காட்டும். பெட்டிகளின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் துறைச்சொற்களில் இருக்கும். அலைநீளம், கோண அகலம், பாகை மூன்றும் புரியாதவர்கள் தனியாக உட்கார்ந்தால் சலித்துவிடும். பக்கத்தில் ஓர் இயற்பியல் ஆசிரியர் இருந்தால் எஸ்.பி.எம். மாணவர்கள் தாராளமாகச் சமாளிப்பார்கள். சாராவைத் தேர்ந்தெடுத்தால் பாப் என்ற குழாய்ப் பாதைகளின் எண்கள் வரும். கூடுதல் காத்திருப்புத் தூரம் தரும் குழாய்கள் அவை. எந்தச் சேர்க்கை நல்லது என்று மென்பொருளே கண்டுபிடித்துக் கொடுக்கிறது, ஆகவே ஆரம்பத்தில் அதைத் தொடாமல் விட்டுவிடலாம்.

ஆஸ்ப்ரோவின் கூடப்பிறந்தவை சிலவும் அதே மையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சர்ச்கேல் நம் விண்மீனுக்கு அருகில் ஒப்பீட்டுக்கு ஏற்ற விண்மீன்களைத் தேடித் தரும். காற்றும் கருவியும் பட்டைகளைக் கொஞ்சம் மங்கலாக்கும். அகலம் நன்றாகத் தெரிந்த இன்னொரு விண்மீனையும் மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் அந்த மங்கலைக் கழிக்க முடியும். எங்கள் தொழிற்சாலையில் அளவீட்டுக்கு முன்னும் பின்னும் தரக் கண்ணாடி வைத்துச் சரிபார்ப்போம். அங்கேயும் அதே ஒழுங்கு. இதற்காகவே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் அகலப் பட்டியல் ஒன்றையும் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஓஐடிபி என்ற களஞ்சியத்தில் உண்மையான பதிவுகளே இருக்கின்றன. லிட்ப்ரோவில் அவற்றைப் போட்டு மாதிரிகளைப் பொருத்திப் பார்க்கலாம். லிட்ப்ரோவுக்குப் பொறுமை வேண்டும், அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

தமிழ்ப்பள்ளியிலோ இடைநிலைப்பள்ளியிலோ வானியல் கழகம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தொலைநோக்கி வாங்கக் காசு திரட்டி முடிக்கும் வரைக்கும் பிள்ளைகளைக் காக்க வைக்காதீர்கள். முதல் நாள் கேட்டையை விஎல்டிஐயில் சிறிய வரிசையோடும் ஜூலைத் தேதியோடும் போடுங்கள். அடுத்த நாள் காமா வெலோரத்தைப் பெரிய வரிசையோடு, தேதியை ஜனவரிக்கு மாற்றிப் போடுங்கள். அமைப்புகளைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ள முடியும் என்பதால் ஒவ்வொரு பிள்ளையும் தன் விண்மீனைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளலாம். கண்காட்சிக்கோ கட்டுரைக்கோ அந்தப் படங்களைப் பயன்படுத்தினால், இந்த மென்பொருளை ஆக்கிய மையத்தின் பெயரை ஒரு வரியில் குறிப்பிடச் சொல்லுங்கள். ஆய்வாளர்களிடம் அவர்கள் கேட்டுக்கொள்ளும் விலை அது ஒன்றுதான்.